எடையும் குறையணும், காலும் ஓடணும்: குமரியில் சைக்கிள் மிதிப்பவருக்கு எந்தச் சாப்பாட்டு முறை?

இரண்டு விதமான ஆட்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். ஒருவர், "சோத்த நிறுத்தியாச்சு, எடையும் குறைஞ்சு, ஆனா குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை போற ஏத்தத்துல காலு வரமாட்டேங்கு" என்கிறார். மற்றவர், "நாகர்கோவில்ல இருந்து கன்னியாகுமரி போயிட்டுத் திரும்பி வாறேன், தராசு மட்டும் அசையமாட்டேங்கு" என்கிறார். முதலாமவர் கால் கேட்கும் நேரத்தில் சாப்பிடுவதில்லை. இரண்டாமவர் கால் கேட்காத நேரத்தில் சாப்பிடுகிறார். இருவருக்கும் நாலா பக்கமிருந்தும் யோசனை வருகிறது: பேலியோ போ, விரதம் இரு, எல்லாவற்றையும் பாதியாக்கு, பழம் தின்னுவிட்டுப் போ. எதை எடுப்பது என்று முடிவு செய்ய, நான்கையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்கலாம்.

வாரம் மூன்று நாளாவது, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் மிதிப்பவர்களை முக்கியமாக மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். மாலையில் கடைத்தெருவுக்கு ஒரு சுற்றுப் போய் வருபவருக்கு இவ்வளவு கணக்கு தேவையில்லை.

## எதை வைத்து அளப்பது

முதலில் மிதிக்கும் பலம். தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்து வைக்கும் மாவுச்சத்துக்குக் கிளைகோஜன் என்று பெயர். எல்லாம் சேர்ந்து சுமார் 500 கிராம், அதாவது 2,000 கலோரி அளவுக்கு இருக்கும். சமதளத்தில் பேசிக்கொண்டே மிதித்தால் உடல் கொழுப்பிலிருந்து நிறைய எடுத்துக்கொள்ளும். ஏற்றத்திலோ, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் முகத்தில் அறையும் எதிர்காற்றிலோ கிளைகோஜன்தான் கைகொடுக்கும். அது தீர்ந்தால் மன உறுதியை வைத்து மிதிக்க முடியாது.

இரண்டாவது தசை. குறைத்துச் சாப்பிடும்போது உடல் கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் தொடும். அதைத் தடுக்க எடைக்குறைப்புக் காலத்தில் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் வேண்டும். 70 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 110 கிராம் பக்கம். நம் வீடுகளில் பெரும்பாலோர் இதில் பாதியைத் தாண்டுவதே அபூர்வம்.

மூன்றாவது பசி, குறிப்பாகச் சாயங்காலம் நான்கு மணிப் பசி. டீக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் பழம்பொரியும் உளுந்த வடையும் இருக்கும் ஊரில் இதைக் கணக்கில் சேர்க்காத எந்தத் திட்டமும் ஒரு மாதம் தாண்டாது. அப்புறம் வீடு: தனியாகச் சமைக்க வேண்டுமா, காசு எவ்வளவு கூடும், கல்யாண வீட்டிலும் நோன்பு நாளிலும் அது நிற்குமா.

வேகத்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. நாளொன்றுக்கு 300 முதல் 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு அரை கிலோ வரை இறங்கும். மிதிப்பவர் அதைவிட அவசரப்பட்டால் அந்த அவசரத்தின் செலவு காலிலும் தூக்கத்திலும் தெரியும்.

## வழி 1: சோற்றை அறவே விடுவது

பேலியோ, கீட்டோ என்று எந்தப் பெயரில் வந்தாலும் சாரம் ஒன்றே. சோறு, புட்டு, மரச்சீனிக்கிழங்கு (மரவள்ளி), பழம் எல்லாம் போய், முட்டை, மீன், இறைச்சி, தேங்காய், காய்கறி மட்டும் மிஞ்சும்.

முதல் வாரத்திலேயே ஒன்றிரண்டு கிலோ குறையும். ஆள் மகிழ்ந்துபோவார். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. கிளைகோஜன் காலியாகும்போது அந்தத் தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் தராசு காட்டுவதில் பெரும்பகுதி இதுதான். அதற்குப் பிறகு குறைவது கொழுப்பு, ஐயமில்லை. புரதம் கூடுவதால் பசியும் அடங்கும். இந்த முறையின் உண்மையான பலம் அந்தப் பசி அடங்குவதில் இருக்கிறது.

மிதிப்பதில்தான் அடி விழுகிறது. ஆஸ்திரேலியாவில் விளையாட்டு உணவியல் ஆய்வாளர் லூயிஸ் பர்க் தலைமையில் முன்னணி வேகநடைப் பந்தய வீரர்களிடம் ஒரு சோதனை நடத்தி 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டியவர்களின் உடல் கொழுப்பை எரிக்க நன்றாகவே பழகியது. ஆனால் அதே வேகத்தில் போக அவர்களுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்பட்டது. கடும் பயிற்சிக்குப் பிறகும் அவர்களின் பந்தய நேரம் முன்னேறவில்லை. மாவுச்சத்து சாப்பிட்ட மற்ற குழுக்கள் முன்னேறின. நாம் பந்தய வீரர்கள் இல்லைதான். மணக்குடியிலிருந்து முட்டம் வரை கடலோரமாக மெதுவாகப் போய் வருபவருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. கீரிப்பாறைப் பக்கம் ஏறுபவருக்குத் தெரியும்.

மறைந்திருக்கும் செலவு காசிலிருந்து தொடங்குகிறது. மீனும் முட்டையும் பாதாமும் கூடும். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுத் தடைக்காலம் வரும்போது மீன் விலை எங்கே நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். வீட்டில் எல்லோரும் சோறு தின்ன, ஒருவருக்கு மட்டும் வேறு சமையல். அந்த வேலை யார் தலையில் விழுகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

இது யாருக்குப் பொருந்தும்: சர்க்கரை நோயோடு அதிக எடையும் உள்ளவர், மருத்துவர் கண்காணிப்பில், இப்போதைக்கு மெதுவாகவும் குறைந்த தூரமும் மிதிப்பவர். கண்காணிப்பு என்பதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர் மாவுச்சத்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு. சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே அது நேரலாம்.

## வழி 2: நேரம் பார்த்து விரதம்

16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்து 8 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிப்பது. காசுச் செலவு இல்லை, தனிச் சமையல் இல்லை. இராத்திரி டிவி முன்னால் நேந்திரம் சிப்ஸ் பொட்டலம் காலியாகும் பழக்கம் உள்ளவருக்கு இது நல்ல வேலி.

இது உங்களுக்குச் சரிப்படுமா என்பது நீங்கள் எப்போது மிதிக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. இதை யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்புபவர் பதினொன்றரைக்குச் சாப்பிடத் தொடங்கி ஏழரைக்கு முடித்தால் மிதிப்பதற்கு முன்னும் பின்னும் உணவு இருக்கிறது. அவருக்கு இந்த முறை கச்சிதம். நம்மில் பலரோ வெயிலுக்கு முந்தி, ஐந்தரைக்குக் கிளம்பி எட்டு மணிக்குள் வீடு சேர்பவர்கள். அவர்கள் வெறும் வயிற்றில் மிதித்துவிட்டுப் பன்னிரண்டு மணி வரை காத்திருந்தால், காலி செய்த தசைக்கு நான்கு மணி நேரம் ஒன்றும் கிடைப்பதில்லை. அன்று பிற்பகல் அலுவலகத்தில் கண் சொருகும். மறுநாள் மிதிக்கும்போது கால் கல்லாக இருக்கும். மதியம் இலை முன் உட்காரும்போது கையும் நிற்காது.

"வெறும் வயிற்றில் மிதித்தால் கொழுப்பு கூடுதலாகக் கரையும்" என்பது பாதி உண்மை. மிதிக்கும் அந்த நேரத்தில் கொழுப்பு கூடுதலாக எரிவது உண்மைதான். முழு நாளின் சாப்பாட்டு அளவு ஒன்றாக இருந்தால் வாரக் கடைசியில் எடை இறக்கத்தில் அதனால் பெரிய வித்தியாசம் வருவதில்லை. ஒரு மணி நேரத்துக்குள், மூச்சு வாங்காமல் மிதிக்க வெறும் வயிறு போதும், பால் சேர்க்காத ஒரு கட்டன்காப்பி குடித்துவிட்டுப் போகலாம். இரண்டு மணி நேரச் சவாரிக்கு அது வேண்டாம்.

இன்சுலின் போடுபவரும், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவரும் வெறும் வயிற்றில் சைக்கிள் எடுக்கவே கூடாது. சர்க்கரை தாழ்ந்து நடுரோட்டில் தலை சுற்றினால் பின்னால் வருவது தேசிய நெடுஞ்சாலை லாரி.

இது யாருக்குப் பொருந்தும்: சாயங்காலம் மிதிப்பவர், இராத்திரித் தீனியே பிரச்சினையாக உள்ளவர். ரமலான் நோன்பு இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: நோன்பு திறப்பதற்கு முன்னால் ஒரு முக்கால் மணி நேரம் லேசாக மிதித்தால், இறங்கியதும் கஞ்சியும் பேரீச்சையும் காத்திருக்கும். நீண்ட சவாரிகளைப் பெருநாளுக்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

## வழி 3: எல்லாம் அதே, அளவு மட்டும் பாதி

மிக எளிது, செலவில்லை, வீட்டில் யாருக்கும் தொந்தரவில்லை. புதிதாக மிதிக்கத் தொடங்கியவர் இங்கிருந்து ஆரம்பிப்பதில் தப்பே இல்லை.

குறை என்னவென்றால், சோற்றோடு மீனும் பயறும் பாதியாகிவிடும். ஏற்கெனவே குறைவாக இருந்த புரதம் இன்னும் குறையும். ஒரு சின்னத் திருத்தம் செய்தால் இதுவே பாதி தூரம் கொண்டுபோகும்: சோற்றையும் தேங்காயையும் பாதியாக்குங்கள், மீன் துண்டில் கை வைக்காதீர்கள்.

தேங்காயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்தில் கணக்கு தப்புவது பெரும்பாலும் இங்கேதான். 100 கிராம் துருவிய தேங்காயில் 350 கலோரி. ஒரு மேசைக்கரண்டித் தேங்காய் எண்ணெயில் 120. ஒரே மதியச் சாப்பாட்டில் தேங்காய் வறுத்தரைத்த தீயல், பச்சையாய் அரைத்த அவியல், மேலே தூவிய துவரன், தொட்டுக்கொள்ளச் சம்மந்தி. நாலும் தேங்காய். சோற்றை ஒரு கரண்டி குறைத்தவர் தெரியாமலே அதைவிட இரண்டு மடங்கு தேங்காயில் வாங்கிக்கொள்கிறார். தேங்காயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. ஒரு வேளைக்கு ஒரு தேங்காய்க் கூட்டான் என்று வைத்துக்கொள்ளலாம். மீன்குழம்பு தேங்காய் அரைத்தது என்றால் பக்கத்தில் பொரியல் தேங்காய் இல்லாமல், கூட ரசம். பல வீடுகளில் நாளொன்றுக்கு 200 கலோரி இதிலேயே இறங்கும், யாருக்கும் பசிக்காது.

இது யாருக்குப் பொருந்தும்: வாரம் இரண்டு நாள் மிதிப்பவர், தொடக்கநிலையில் இருப்பவர், வீட்டுச் சமையலில் கை வைக்க முடியாதவர்.

## வழி 4: சோற்றைச் சவாரியை ஒட்டி நகர்த்துவது

தொடர்ந்து மிதிப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். மாவுச்சத்தை விடுவதில்லை, இடம் மாற்றுகிறோம். சவாரிக்கு முன்னும் பின்னும் அது தாராளமாக வரும். சவாரியிலிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். ஓய்வு நாளில் இன்னும் குறையும். புரதமும் காய்கறியும் எல்லா நாளும் ஒரே அளவு.

கிளம்பும் முன்: ஒரு மணி நேரத்துக்கு மேல் போவதென்றால் அரை மணி நேரம் முன்னதாக ஒரு ஏத்தன் (நேந்திரம்) பழம். நடுத்தரப் பழத்தில் 35 முதல் 45 கிராம் மாவுச்சத்து இருக்கும். வயிறு கனமாகத் தோன்றினால் இரண்டு மூன்று மட்டிப்பழம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மட்டி, எளிதில் செரிக்கும் பழம் என்பதால்தான் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்கிறார்கள். அதிகாலை வயிற்றுக்கும் அது இதம்.

வழியில்: ஒன்றரை மணி நேரம் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. இன்னொரு ஏத்தன், நாலைந்து பேரீச்சை, அல்லது ஒரு துண்டு கருப்பட்டி. ஜெல் பாக்கெட்டுக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. எடை குறைக்கிறோமே, வழியில் எதற்குச் சாப்பிட வேண்டும் என்று பலருக்குக் கூச்சம். அந்தக் கொஞ்சக் கலோரியை மிச்சம் பிடித்தவர்தான் திரும்பும் வழியில் சுசீந்திரத்தில் நிறுத்தி நாலு வடை தின்பார்.

திரும்பியதும்: ஒரு மணி நேரத்துக்குள் புட்டும் பயறும். இதைவிட நல்ல சாப்பாட்டை எந்தக் கடையும் டப்பாவில் அடைத்து விற்கவில்லை. புட்டில் மாவுச்சத்து, சிறுபயறில் புரதம், வியர்வையில் போன உப்பு பப்படத்தில். கூடவே இரண்டு முட்டை. புட்டோடு பழமும் சர்க்கரையும் பிசைந்தால் ருசிதான், ஆனால் புரதம் காணாமல் போகும், பத்தரைக்கே பசிக்கும். புட்டு இல்லாத நாளில் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும். நம் புழுக்கத்தில் சட்டை பிழிகிற அளவு வியர்க்கும். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியோ மோரோ வெறும் தண்ணீரைவிட மேல்.

மதியம்: சவாரி நாளில் வழக்கமான சோற்றில் முக்கால், ஓய்வு நாளில் அரை. சாளை, நெத்திலி, அயிலை எந்த மீனானாலும் சதைப்பகுதி 100 கிராமுக்கு 20 கிராம் அளவில் புரதம். பொரிக்காமல் குழம்பாகவோ அவியலாகவோ. ஞாயிற்றுக்கிழமை நீண்ட சவாரிக்குப் பிறகு வேகவைத்த மரச்சீனியும் மீன்கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். கிழங்கில் 100 கிராமுக்கு 160 கலோரி, கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து, புரதம் ஒன்றரை கிராம்கூட இல்லை. கிழங்கு தனியாக வந்தால் வேண்டாம், மீனோடு வந்தால் வரட்டும்.

சாயங்காலமும் இராத்திரியும்: நான்கு மணிக்கு அவித்த கொண்டைக்கடலையோ வேர்க்கடலையோ ஒரு கை, சர்க்கரை குறைத்த டீ. இராத்திரிதான் சோறு குறைய வேண்டிய இடம்: ஒன்றிரண்டு தோசை, மீனோ முட்டையோ, நிறையத் துவரன். விடியற்காலை நீண்ட சவாரி இருந்தால் அன்று இராத்திரி மட்டும் ஒரு கரண்டி சோறு சேர்த்துக்கொள்ளலாம்.

இதிலும் மறைந்த செலவு உண்டு. முதல் நாள் இராத்திரியே பயறு ஊறப்போட வேண்டும், பழம் வாங்கி வைக்க வேண்டும், மீன் கிடைக்காத நாளுக்கு முட்டை இருக்க வேண்டும். திட்டமிடாத வீட்டில் இது ஒரே வாரத்தில் சரிந்துவிடும். இன்னொரு ஆபத்து "இன்னைக்கு மிதிச்சாச்சே" என்ற உரிமை. 70 கிலோ ஆள் மிதமான வேகத்தில் இரண்டு மணி நேரம் மிதித்தால் ஏறத்தாழ 900 முதல் 1,100 கலோரி செலவாகும். பெரிய எண்தான். ஒரு பரோட்டா 250 கலோரி அளவுக்கு வரும், அதற்கு மேல் சால்னாவின் எண்ணெய். மூன்று பரோட்டாவில் இரண்டு மணி நேர உழைப்பு தீர்ந்துவிடும். தினமும் கன்னியாகுமரி போய்வந்தும் தராசு அசையாதவரின் கதை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

இது யாருக்குப் பொருந்தும்: வாரம் மூன்று முதல் ஐந்து நாள், ஒரு மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவர். ஏற்றத்துக்கும் எதிர்காற்றுக்கும் போகிறவருக்கு வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

## ஒரே பார்வையில்

| | சோறு விடுதல் | நேர விரதம் | பாதி அளவு | சவாரியை ஒட்டி |
|---|---|---|---|---|
| ஏற்றத்தில் பலம் | குறையும் | காலைச் சவாரிக்குக் குறைவு, மாலைக்கு நலம் | நடுத்தரம் | நன்று |
| தசை காத்தல் | நன்று | கவனம் வேண்டும் | பலவீனம் | நன்று, மீனும் பயறும் இருந்தால் |
| சாயங்காலப் பசி | அடங்கும் | காலையில் மிதித்தால் கூடும் | கூடும் | அடங்கும் |
| மாதச் செலவு | கூடும் | மாறாது | குறையும் | சற்றே கூடும் |
| தனிச் சமையல் | வேண்டும் | வேண்டாம் | வேண்டாம் | பெரும்பாலும் வேண்டாம் |
| ஆறு மாதம் நிற்குமா | சிலருக்கு | வேலை நேரத்தைப் பொறுத்து | பசியைப் பொறுத்து | திட்டமிட்டால் நிற்கும் |

தவக்காலத்திலும் சபரிமலை மாலை போட்ட நாட்களிலும் மீன் நின்றுபோகும் வீடுகள் நான்காவது வழியை விட வேண்டியதில்லை. பயறு, கடலை, தயிர் மூன்றையும் கூட்டிக்கொள்ளலாம். 50 கிராம் உலர்ந்த சிறுபயறில் 12 கிராம் புரதம் இருக்கிறது.

## எப்போது நிறுத்திப் பார்ப்பது

தினமும் தராசில் ஏறிப் பதற வேண்டாம். நீண்ட சவாரிக்கு மறுநாள் தசையில் நீர் கோத்து எடை கூடிக் காட்டுவது இயல்பு. வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில் எடை பாருங்கள். இடுப்பளவை நாடாவால் எடுத்து எழுதி வையுங்கள்.

கவனிக்க வேண்டியது வேறு அறிகுறிகளை. வழக்கமான தூரமே பாரமாகிறது, இராத்திரி விழிப்பு தட்டுகிறது, சின்னச் சளி போக மாட்டேன் என்கிறது, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது என்றால் செலவுக்குத் தக்க உணவு உள்ளே போகவில்லை. விளையாட்டு மருத்துவத்தில் இந்த நிலைக்கு 2014-இல் பன்னாட்டு ஒலிம்பிக் குழு தனிப் பெயரே வைத்தது. எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்பு எல்லாமே இதனால் பாதிக்கும். அப்போது நாளொன்றுக்கு 200 முதல் 300 கலோரி, அதையும் சவாரிக்குப் பின் வரும் வேளையில், திரும்பக் கூட்டி இரண்டு வாரம் பாருங்கள். பெண்களுக்கு மாதவிலக்கு தள்ளிப்போகத் தொடங்கினால் உணவை உடனே கூட்ட வேண்டும். மூன்று மாதம் வராமல் போனால், எடை எவ்வளவு நன்றாக இறங்கிக்கொண்டிருந்தாலும், மகப்பேறு மருத்துவரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மேலே சொன்ன புரத அளவை எடுக்கும் முன் தங்கள் மருத்துவரிடம் கேட்டே ஆக வேண்டும்.